தாயைப் போலப் பிள்ளையா?

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பெண் பார்க்கப் போகிறவர்களும், கடன் கொடுக்கிறவர்களும், பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் ஆசிரியர்களும் இதை வாய்விட்டோ மனத்துக்குள்ளோ சொல்லிக்கொள்ளாமல் இருப்பதில்லை. சேலையைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் மெய்தான். பிள்ளையைப் பொறுத்தவரை எவ்வளவு மெய்? 'எவ்வளவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். மெய்யா பொய்யா என்று வாதாடிக்கொண்டிருந்த மனிதன், எவ்வளவு என்று கேட்டு அளக்கத் தொடங்கிய வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன். அதற்கு ஒரு சிறு பழத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன். அது ஸ்ட்ராபெரி.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வாழும் மாணவர்களுக்கு இச்செடியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சமவெளியில் உள்ளவர்களில் சிலர் ஜாம் புட்டியின் மேல் ஒட்டிய படத்தில் மட்டுமே அதைப் பார்த்திருக்கலாம். சாண் உயரம் வளரும் செடி, காம்புக்கு மூன்று இலை, வெண்ணிறப் பூ, செக்கச் சிவந்த பழம். நாம் பழம் என்று உண்பது உண்மையில் பூத்தளம் பருத்துச் சதைப்பற்றானது. அதன்மேல் எள்ளைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும் மணிகளே தாவர நூலார் கணக்கில் கனிகள். மகரந்தம் சேர்ந்து அம்மணிகள் கருவுற்றால்தான் அவற்றைச் சுற்றியுள்ள சதை பருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இச்செடி இரண்டு வழிகளில் பெருகுகிறது. விதையால் பெருகுவது ஒன்று. அடிப்பகுதியிலிருந்து கொடிபோல் ஓடும் தண்டுகள் மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டுப் புதுச்செடி ஆவது மற்றொன்று. ஓடுதண்டால் வந்த செடி தாயின் நேர்நகல். விதையால் வந்ததோ தாயும் தந்தையும் சேர்ந்து பெற்ற பிள்ளை. நம் ஊரில் ஒட்டு மாங்கன்றுக்கும் கொட்டை போட்டு முளைத்த கன்றுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற தொடக்கத்தில், சில ஆண்டுகள் மலையூர் ஒன்றில் உயிரியல் கற்பித்தேன். பள்ளித் தோட்டத்தில் ஸ்ட்ராபெரிப் பாத்தி ஒன்று இருந்தது. அதைப் பேணிவந்தவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் கடைசி மகன். அவன் பாத்தியிலேயே பெரிய பழத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் விதைகளைத் தகர டப்பாக்களில் விதைத்தான். மறு ஆண்டு பதினொரு செடிகள் காய்த்தன. அவற்றுள் ஒன்றின் பழமேனும் தாய்ப்பழத்தின் அளவை எட்டவில்லை. "தாய் அவ்வளவு பெரிதாக இருக்க, பிள்ளைகள் ஏன் ஐயா இப்படி?" என்று கேட்டான். "விதை போட்டால் அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது விடையன்று, விடை தெரியாத ஆசிரியரின் சமாளிப்பு.

அதே ஆண்டில் உதவித்தொகைத் தேர்வு ஒன்றுக்கு மாணவர்களைப் பொறுக்கும் வேலை என்னிடம் வந்தது. அவனுடைய அண்ணன்மார் இருவர் அதே பள்ளியில் தேறாமல் நின்றவர்கள். அந்த வீட்டுப் பிள்ளை வேறு எப்படி இருப்பான் என்று எண்ணி, அவன் பெயரை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. அவன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டான். பின்னர் அவனை நான் பார்க்கவே இல்லை. அவன் கேட்ட கேள்விக்கு விடை தேடிப் பல ஆண்டுகள் கழித்து நூல்களைப் புரட்டியபோதுதான், பெயரை விட்டதும் கேள்வியைத் தட்டிக்கழித்ததும் ஒரே பிழையின் இரு பக்கங்கள் என்பது எனக்குத் தெரிந்தது. நிற்க. கதையை அதன் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஐரோப்பியக் காடுகளில் ஒருவகைச் சிறு ஸ்ட்ராபெரி பழங்காலந்தொட்டே உண்டு. மணம் மிகுதி, ஆனால் பழம் சுண்டுவிரல் நுனியளவே. பதினேழாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் கீழைக் கரையிலிருந்து வர்ஜீனியா ஸ்ட்ராபெரி என்ற இன்னொரு வகை அங்கே வந்தது. அது சற்றே பெரியது; நல்ல சிவப்பு. இவ்விரண்டையும் விஞ்சிய மூன்றாவது வகை தென் அமெரிக்காவில், சிலி நாட்டில் இருந்தது. ஐரோப்பியர் அங்கே கால் வைப்பதற்கு முன்பே அந்நாட்டுப் பழங்குடி மக்கள் அதைப் பயிரிட்டு வளர்த்துவந்தனர்.

1712ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசின் பொறியாளர் பிரேசியே என்பவர் சிலிக்குச் சென்றார். ஸ்பானியரின் கோட்டைகளையும் துறைமுகங்களையும் வேவு பார்ப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. கோட்டைகளை அளந்த கண் தோட்டங்களையும் அளந்தது. கன்செப்சியோன் நகருக்கு அருகில் வாதுமைக் கொட்டையளவும், சில சமயம் கோழி முட்டையளவும் பருத்த ஸ்ட்ராபெரிப் பழங்களைக் கண்டு அவர் வியந்தார். 1714இல் நாடு திரும்பும்போது சில செடிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். ஆறு மாதக் கடற்பயணம், குடிநீருக்கே பஞ்சம். அந்நிலையிலும் செடிகளுக்குச் சிறிது நீர் ஒதுக்கப்பட்டது. மார்செய் துறைமுகத்தை வந்தடைந்தபோது ஐந்து செடிகள் உயிரோடு இருந்தன. நீர் தந்து உதவிய சரக்குப் பொறுப்பாளருக்கு இரண்டைக் கொடுத்தார். பாரிசில் அரசர் தோட்டத்துத் தாவர அறிஞர் ஜுஸ்ஸியோவுக்கு ஒன்று. தம் மேலதிகாரிக்கு ஒன்று. எஞ்சிய ஒன்று தமக்கு.

ஐந்தும் செழித்து வளர்ந்தன; ஓடுதண்டுகள் விட்டன; பூத்தன. ஆனால் ஒழுங்காகக் காய்க்கவில்லை. முட்டையளவுப் பழம் எங்கே என்று கேட்டவர்களுக்குப் பொறியாளரால் விடை சொல்ல முடியவில்லை.

காரணம் மிக எளிது. சிலி ஸ்ட்ராபெரியில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. பழம் தருவது பெண்செடி. பிரேசியே என்ன செய்திருப்பார்? தோட்டத்தில் நுழைந்தார், பெரிய பழம் தாங்கி நின்ற செடிகளைப் பெயர்த்தார், பழமே இல்லாமல் நின்றவற்றை வீண் என்று விட்டுவிட்டார். அந்த வீண் செடிகளே தந்தையர். கண்ணுக்குத் தெரிந்த குணத்தைக் கொண்டு பெற்றோரைத் தேர்ந்தெடுத்த ஒருவர், பெற்றோரில் பாதியைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தார். இந்நிகழ்ச்சியை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். உதவித்தொகைப் பட்டியல் நினைவுக்கு வருவதால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பிரெத்தாஞ் பகுதியில், பிரெஸ்ட் துறைமுகத்தை அடுத்த ஊர்களின் குடியானவர்கள் சிலிச் செடிகளுக்கு நடுவே வர்ஜீனியாச் செடிகளையும் நட்டார்கள். மலட்டுச் செடிகள் காய்க்கத் தொடங்கின. தேனீக்கள் வேலையைச் செய்தன. பழத்தின் விதைகள் முளைத்து எழுந்த சில செடிகளில் சிலியின் பருமனும் வர்ஜீனியாவின் நிறமும், இரண்டிலும் இல்லாத ஒரு நறுமணமும் கலந்திருந்தன. அன்னாசியின் மணம் வீசியதால் அதற்கு அன்னாசி ஸ்ட்ராபெரி என்றே பெயர் வந்தது. இன்று உலகெங்கும் கடைகளில் விற்கும் ஸ்ட்ராபெரி அந்தக் கலப்பின் வழிவந்ததே.

இதைக் கண்டறிந்து சொன்னவர் ஓர் இளைஞர். ஏறத்தாழ உங்கள் வயது. அந்துவான் துஷேன் என்பது பெயர். 1764இல், பதினேழு வயதில், சிலிப் பெண்செடியின் பூவுக்கு வேறொரு வகை ஸ்ட்ராபெரியின் மகரந்தத்தைச் சேர்த்துப் பெரும்பழங்கள் காய்க்க வைத்து, அத்தொட்டியை வெர்சாய் அரண்மனையில் பதினைந்தாம் லூயி மன்னருக்குக் காட்டினார். 1766இல் அவர் வெளியிட்ட ஸ்ட்ராபெரி வரலாற்று நூலில், அன்னாசி ஸ்ட்ராபெரி சிலிக்கும் வர்ஜீனியாவுக்கும் பிறந்த கலப்பினம் என்று துணிந்து எழுதினார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. மெண்டல் பிறப்பதற்கே இன்னும் ஐம்பத்தாறு ஆண்டுகள் இருந்தன.

இங்கிலாந்துக் கட்டத்தை விரைவாகக் கடந்துவிடுவோம். தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற செல்வர் 1817 அளவில் ஒழுங்கான முறையில் ஒட்டுச்சேர்க்கைகளைச் செய்து பார்த்தார். லண்டனுக்கருகில் காய்கனி பயிரிட்டு விற்ற மைக்கேல் கீன்ஸ் 1821இல் காட்சிக்கு வைத்த நாற்றுவகை ஐரோப்பாவையே ஆண்டது. அக்காலத்தவர் எல்லாரும் கடைப்பிடித்த விதி ஒன்றே: சிறந்த பழத்தின் விதையை எடு, விதை, வந்தவற்றுள் சிறந்ததை வைத்துக்கொள், மற்றதைப் பிடுங்கி எறி.

அமெரிக்காவில்தான் கதை சுவையாகிறது. சின்சினாட்டி நகரில் நிக்கொலஸ் லாங்வொர்த் என்ற செல்வர் ஸ்ட்ராபெரி பயிரிட்டார்; காய்ப்பு சொற்பம். அதே நகரில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் மட்டும் கூடை கூடையாக விற்றுவந்தார். ஒருநாள் அத்தோட்டக்காரரின் சிறு மகன் லாங்வொர்த்தின் தோட்டத்துக்கு வந்தான். பூக்களைப் பார்த்துவிட்டு, இவை எல்லாம் ஆண்செடிகள், எப்படிக் காய்க்கும் என்று சொல்லிவிட்டான். வீட்டு இரகசியம் பிள்ளையின் வாயால் வெளியாயிற்று. பெண்செடிகளுக்கிடையே சில ஆண்செடிகளை மட்டும் நிறுத்துவதே தந்தையின் சூட்சுமம். இவ்வுண்மையை ஒட்டி 1840களில் அந்நாட்டுத் தோட்டக்கலைப் பத்திரிகைகளில் நடந்த வாய்ச்சண்டையை வரலாற்றாசிரியர்கள் ஸ்ட்ராபெரிப் போர் என்றே குறிப்பார்கள்.

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் சார்லஸ் ஹோவி என்பவர் திட்டமிட்டுப் பெற்றோரைத் தெரிந்து சேர்க்கை செய்து, 1830களில் ஒரு புதுவகையை உண்டாக்கினார். அமெரிக்காவில் இவ்வாறு உருவான முதல் பழவகை அது என்பர். ஆயின் நாற்றுகளில் கட்டியிருந்த பெயர்ச் சீட்டுகள் தொலைந்துபோயின! எந்தச் சேர்க்கையில் பிறந்தது என்பதை ஹோவி பின்னால் ஊகித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆய்வுக்கூடத்தில் குறிப்பேடு எழுதச் சோம்பும் மாணவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

1851இல் ஆல்பனி நகரில் ஜேம்ஸ் வில்சன் வளர்த்த செடியிலிருந்து வில்சன் என்ற வகை வந்தது. ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே பூவில் அமைந்தவை அதன் பூக்கள், துணைச்செடி வேண்டியதில்லை. அபாரமான விளைச்சல், இரயிலில் ஏற்றினாலும் நசுங்காத பழம். குறை ஒன்றுதான்: முற்றப் பழுத்தாலன்றிப் புளிக்கும். வணிகர்கள் முற்றப் பழுக்கும்வரை காத்திருப்பார்களா? கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்ற சிக்கல் அன்று தொடங்கியது, இன்றும் தீர்ந்தபாடில்லை.

இவ்வளவு முன்னேற்றத்துக்குப் பின்னும் மலையூர்ச் சிறுவனின் கேள்வி அப்படியே நிற்கிறது. சிறந்ததன் பிள்ளைகள் ஏன் பெரும்பாலும் சிறந்தவையாக இருப்பதில்லை?

இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்ட்டன் என்பவர் இதை அளக்க முற்பட்டார். பட்டாணி இனத்தைச் சேர்ந்த ஒரு பூச்செடியின் விதைகளை எடுத்து, பருமன்படி ஏழு தரமாகப் பிரித்து, தரத்துக்குப் பத்து விதைகளாகச் சிப்பங்கட்டி நண்பர்களுக்கு அனுப்பினார். அவர்கள் பயிரிட்டு, விளைந்த விதைகளைத் திருப்பியனுப்பினார்கள். 1877இல் கால்ட்டன் முடிவைச் சொன்னார். பெரிய விதையின் பிள்ளைகள் சராசரியைவிடப் பெரியவையே. ஆனால் தாய் சராசரியைத் தாண்டியிருந்த தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பிள்ளைகளிடம் காணப்பட்டது. சிறிய விதைகளுக்கும் இதே கதை. இருபுறத்துப் பிள்ளைகளும் நடுவை நோக்கித் திரும்பின.

மெண்டலின் விதிகள் 1900இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தபோது, நெட்டை அல்லது குட்டை, மஞ்சள் அல்லது பச்சை என்று இரண்டாகப் பிரியும் குணங்களுக்குத் தெளிவான விளக்கம் கிடைத்தது. ஒரு செடி எத்தனை கிராம் காய்க்கும் என்பதோ அப்படிப் பிரிவதில்லை. ரொனால்டு ஃபிஷர் 1918இல் இதற்குக் கணித வழி காட்டினார். அளவால் மாறும் குணத்தைப் பல மரபலகுகள் சேர்ந்து சிறிது சிறிதாக ஆக்குகின்றன. மண்ணும் நீரும் வெயிலும் தம் பங்கைச் சேர்க்கின்றன. மொத்த வேறுபாட்டை இக்காரணங்களுக்கிடையே பங்கிட்டுக் காட்ட முடியும் என்றார். அமெரிக்காவில் அயோவாவைச் சேர்ந்த ஜே லஷ் 1930களில் இதைக் கால்நடை வளர்ப்புக்குக் கொண்டுவந்தார். பெற்றோரிடம் காணும் மேன்மையில் எத்தனை பங்கு பிள்ளைகளுக்கு இறங்குகிறது என்பதைக் காட்டும் எண்ணே அவர் கருத்தின் மையம். அதை நாம் பாரம்பரிய விகிதம் என்று சொல்வோம்.

கணக்கு மிக எளிது. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தோட்டத்தில் செடிக்குச் சராசரி 400 கிராம் பழம் என்று வைத்துக்கொள்வோம். 600 கிராம் தரும் செடிகளை மட்டும் பெற்றோராகப் பொறுக்குகிறோம். மேன்மை 200 கிராம். அம்மேன்மை முழுவதும் மரபால் வந்து, முழுவதும் இறங்குமானால் பிள்ளைகளின் சராசரி 600 ஆகவேண்டும். எருக்குழி ஓரத்தில் நின்ற அதிருஷ்டத்தால் வந்ததென்றால் பிள்ளைகள் 400க்கே திரும்பிவிடும். மெய்யாக விளைந்த சராசரி 480 என்றால், 200இல் 80 இறங்கியிருக்கிறது. விகிதம் 0.4.

மரபால் வந்த மேன்மையும் முழுவதுமாக விதை வழியே இறங்குவதில்லை. அது ஏன்? எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் சீட்டாட்டத்தை வகுப்பில் உவமையாகச் சொல்லத் தயங்குவார்கள். வேறு நல்ல உவமை கிடைக்கவில்லை, பொறுத்தருள்க. கையில் சில சீட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்ததால் ஆட்டம் வெல்கிறது. மறு ஆட்டத்துக்குக் கட்டைக் கலைத்துப் போட்டால் அதே சீட்டுகள் மீண்டும் ஒரே கையில் சேருவதில்லை. தனிச் சீட்டின் மதிப்பு இறங்கும். சேர்க்கையின் மதிப்பு இறங்காது. ஓடுதண்டு, கட்டைக் கலைக்காமல் அப்படியே கொடுக்கிறது. விதை கலைத்துக் கொடுக்கிறது. ஸ்ட்ராபெரியின் சீட்டுக்கட்டோ பெரிது. காட்டுச் சிறுவகையில் நிறக்கோல்கள் 14. தோட்ட ஸ்ட்ராபெரியில் எட்டுத் தொகுதிகளாக 56 என்று 1926இல் எண்ணிக் கண்டனர். அதன் மரபுப் பொருள் முழுவதையும் நிறக்கோல் நிறக்கோலாகப் படித்து வெளியிட்டது 2019இல்தான்.

ஆகவே மலையூர்ச் சிறுவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இது: தம்பி, உன் பெரிய பழத்தின் பருமனில் ஒரு பகுதி அந்த மூலையின் எரு, ஒரு பகுதி கலைந்துபோன சேர்க்கை, மேலும், நீ தாயைத் தேர்ந்தாய், தந்தையைத் தேர்ந்தது தேனீ.

ஸ்ட்ராபெரியில் இந்த விகிதத்தை அளக்க அதன் ஓடுதண்டே உதவிற்று. ஒரே செடியின் நகல்களைப் பல பாத்திகளில் நட்டால், அவற்றுக்கிடையே தோன்றும் வேறுபாடு முழுவதும் மண்ணாலும் பருவத்தாலும் ஆனது. பல பெற்றோரை ஒன்றோடொன்று சேர்த்துப் பெற்ற குடும்பங்களை அருகருகே நட்டால், குடும்பத்துக்குக் குடும்பம் காணும் வேறுபாடு பெற்றோரால் ஆனது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹான்ஷ், பிரிங்ஹர்ஸ்ட், வோத் ஆகிய மூவர் 1968இல் இத்தகைய கணக்கை வெளியிட்டனர். விளைச்சலிலும் பழத்தின் உறுதியிலும் காணும் வேறுபாட்டில் கணிசமான பங்கு பிள்ளைகளுக்கு இறங்குகிறது. பழத்தின் தோற்ற அழகிலோ மிகச் சிறிதே இறங்குகிறது என்பது அவர்கள் கண்டது. பிரேசியே முதல் கீன்ஸ் வரை எல்லாரும் எதைப் பார்த்து மயங்கினார்களோ, அந்த அழகே பெற்றோரைத் தேர்வதற்கு மிகக் குறைவாக உதவுவது! அழகான நாற்று கிடைத்தால் ஓடுதண்டால் பெருக்கி விற்கலாம், அதில் தடையில்லை. அதை அடுத்த தலைமுறைக்குத் தாயாக்கி அழகை எதிர்பார்ப்பதுதான் பயனற்றது.

இதனால் பெற்றோரை மதிப்பிடும் முறையே மாறியது. செடியின் முகத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், அதைப் பல துணைகளோடு சேர்த்து, பிறந்த பிள்ளைகளின் சராசரியைப் பார்த்து, அதன்பின் பெற்றோருக்கு மதிப்பெண் இட்டார்கள். பிள்ளைகள் தேர்வு எழுதப் பெற்றோர் மதிப்பெண் வாங்கும் விந்தையான பள்ளிக்கூடம் அது.

விளைச்சலையும் சுவையையும் ஒருங்கே கூட்டுவது இன்னும் கடினம். ஒரு செடியின் இலைகள் ஆக்கும் சர்க்கரை ஓரளவுதான். அதைப் பத்துப் பழங்களுக்குப் பங்கிடுவதும் நாற்பது பழங்களுக்குப் பங்கிடுவதும் ஒன்றாகாது. ஆகையால் எடையை மட்டும் பார்த்துப் பெற்றோரைப் பொறுக்கிக்கொண்டே போனால் இனிப்பு மெல்லத் தேய்ந்துவிடுகிறது. பல குணங்களுக்கும் தக்க எடை கொடுத்து ஒரே மொத்த மதிப்பெண்ணாகக் கூட்டும் முறையை 1936இல் ஸ்மித் பயிர்களுக்கும், 1943இல் ஹேசல் கால்நடைகளுக்கும் வகுத்தனர். எடைகளை யார் முடிவுசெய்வது என்பதுதான் கேள்வி. உறுதிக்கு அதிக எடை கொடுத்தால் வணிகருக்கு மகிழ்ச்சி. மணத்துக்குக் கொடுத்தால் உண்பவருக்கு மகிழ்ச்சி. கடைப்பழத்தைக் கடித்துவிட்டு முந்தைய சுவை இல்லையே என்று சொல்லும் முதியவர்கள் எல்லாரும் வெறும் முணுமுணுப்பாளர்கள் என்று நான் நினைக்கவில்லை.

இன்னுமோர் ஆபத்தும் உண்டு. சிறந்தவற்றையே மீண்டும் மீண்டும் சேர்த்தால் எல்லாம் உறவுக்குள் உறவாகிவிடும். 1960க்குப் பின் வட அமெரிக்காவில் வந்த வகைகளின் கொடிவழியை ஆராய்ந்தவர்கள், அவை யாவும் 53 மூலச்செடிகளிலிருந்து வந்தவை என்று 1987இல் எழுதினர். நெருங்கிய உறவில் பிறந்த நாற்றுகள் வலுக்குன்றும். ஆகவே பெற்றோரைத் தேர்பவர், தரத்தைப் பார்ப்பதோடு அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவு என்பதையும் பார்க்கவேண்டியிருக்கிறது.

இப்போது ஓர் எச்சரிக்கை. பாரம்பரிய விகிதம் 0.4 என்றால், ஒரு செடியின் விளைச்சலில் பத்தில் நான்கு பங்கு மரபு, ஆறு பங்கு மண் என்று பொருளல்ல. அது தனிச்செடியைப் பற்றிய எண்ணே அன்று. ஒரு குறிப்பிட்ட தோட்டத்தில், ஒரு குறிப்பிட்ட கூட்டத்துச் செடிகளுக்கிடையே காணும் வேறுபாட்டைப் பற்றிய எண். நிலத்தைச் சமமாக உழுது சமமாக நீர் பாய்ச்சினால் அதே செடிகளின் விகிதம் உயரும். மேடும் பள்ளமுமாக விட்டால் தாழும். இதைக் கால்ட்டன் போன்ற மேதையே மறந்தார். விதைகளை அவ்வளவு பொறுமையாக அளந்த அவர், மனிதரிலும் உயர்ந்த குடும்பங்களைப் பெருக்கித் தாழ்ந்தவற்றைக் குறைக்கவேண்டும் என்ற கொள்கைக்கு 1883இல் பெயர் சூட்டினார். அக்கொள்கையின் பெயரால் இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் நடந்த கொடுமைகளை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படிப்பீர்கள்.

என் செயல் அவ்வளவு பெரிதன்று. ஆனால் அதே இனத்தைச் சேர்ந்தது. அந்தச் சிறுவனின் அண்ணன்மார் விடிவதற்குமுன் எழுந்து விறகு சுமந்துவிட்டு, இரண்டு மைல் நடந்து பள்ளிக்கு வந்தவர்கள். நல்ல பாத்தியில் நின்ற செடிகளோடு பாறை இடுக்கில் நின்ற செடிகளை ஒப்பிட்டு, விதை மட்டம் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அவனோ தானாக ஒரு சோதனை நடத்தி, முடிவை எண்ணி, பொருந்தாததைக் கண்டு கேள்வியும் கேட்டவன். துஷேன் செய்தது அதுதானே?

முகத்தைப் பார்த்து ஒதுக்கியிருக்கக்கூடிய பெற்றோரால் பெரும்பயன் விளைந்ததற்கு நம் கோயம்புத்தூரே சான்று. அங்கு 1912இல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும், சாறு மிகுந்த தடித்த கரும்போடு நாணல் போன்ற காட்டுக் கரும்பைச் சேர்த்துப் புகழ்பெற்ற புதுவகையை உண்டாக்கினார்கள். காட்டுக் கரும்பில் இனிப்பு இல்லை. தாங்கும் வலு இருந்தது. கரும்பும் ஸ்ட்ராபெரியைப் போலவே, விதையால் புதிதாகப் பிறந்து, கரணையால் நகலாகப் பெருகுவது.

ஸ்ட்ராபெரியிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. சாதாரண வகைகள் பகற்பொழுது குறுகும் காலத்தில்தான் பூமொட்டை உருவாக்கும். ஆதலால் காய்ப்பு சில வாரங்களில் முடிந்துவிடும். 1950களில் ராய்ஸ் பிரிங்ஹர்ஸ்ட் யூட்டா மாநிலத்து வாசாட்ச் மலையில், பகலின் நீட்சியைப் பொருட்படுத்தாமல் பூக்கும் காட்டு ஸ்ட்ராபெரி ஒன்றைக் கண்டெடுத்தார். கலிஃபோர்னியாவின் தோட்டவகை ஒன்றோடு அதைச் சேர்த்தார். முதல் தலைமுறையில் பழம் சிறிது, விற்பனைக்கு உதவாதது. ஆனால் எப்போதும் பூக்கும் குணம் தெளிவாக இறங்கியிருந்தது. அக்குணம் உள்ள பிள்ளைகளை மட்டும் பொறுக்கி மீண்டும் தோட்டவகைகளோடு சேர்த்தார். பிறந்தவற்றை மறுபடியும் சேர்த்தார். ஒவ்வொரு சேர்க்கையிலும் காட்டின் பங்கு பாதியாகக் குறைய, பழம் பருத்துக்கொண்டே வந்தது. அவரும் விக்டர் வோத்தும் 1979இல் ஆப்டோஸ், பிரைட்டன், ஹெக்கர் என்ற மூன்று வகைகளை வெளியிட்டார்கள். கோடை முழுவதும், இலையுதிர் காலத்திலும் தொடர்ந்து காய்த்தவை அவை.

வாசாட்ச் மலையில் எடுத்த அந்தக் காட்டுச்செடி ஓர் ஆண்செடி. அதில் ஒரு பழமும் காய்த்ததில்லை. இன்று கலிஃபோர்னியாவில் பயிராகும், பகல் நீட்சியைப் பாராது பூக்கும் வகைகளின் கொடிவழியைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே சென்றால், ஒரு கிளை அந்த மலைச்சரிவில் போய் நிற்கிறது.